பேசாமல் இருந்தால் போய்விடும் பெயர்

டொட் கொம் பெயர் வைத்திருக்கிற எல்லோரையும் கட்டுப்படுத்தும் விதி ஒன்று இருக்கிறது. வைத்திருப்பவர்களில் அநேகர் அதை ஒருமுறையேனும் வாசித்திருக்க மாட்டார்கள். உங்கள் டொமைனை, அதாவது அந்த இணையப் பெயரை, வேறொரு ரெஜிஸ்ட்ராருக்கு (பெயரைப் பதிவு செய்து தருகிற கம்பனிக்கு) மாற்றச் சொல்லி ஒரு கோரிக்கை வந்தால், இப்போதைய ரெஜிஸ்ட்ரார் உங்களுக்கு ஒரு இமெயில் அனுப்ப வேண்டும். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு ஐந்து நாள் இருக்கிறது. அந்த ஐந்து நாளும் நீங்கள் வாய் திறக்காமல் இருந்தால் மாற்றம் தானாகவே நிறைவேறும். உரிமையாளரிடமிருந்து பதில் வரவில்லை என்பதைக் காரணமாகச் சொல்லி ரெஜிஸ்ட்ராரால் அதை மறுக்கவும் முடியாது. கொள்கையிலேயே அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். மௌனம் சம்மதம் என்று ஊரில் சொல்வது இங்கே சட்டமாகவே இருக்கிறது.

இந்த விதி வந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. 1999 வரை டொட் கொம் பெயர் வேண்டுமென்றால் நெட்வேர்க் சொலூஷன்ஸ் என்ற ஒரே அமெரிக்கக் கம்பனியிடம்தான் வாங்க வேண்டும். அந்த வருடம் மற்றக் கம்பனிகளுக்கும் கதவு திறந்தது. ஆனால் வாடிக்கையாளர் விலகிப் போக நினைத்தபோது பழைய ரெஜிஸ்ட்ரார்கள் விட மனமில்லாமல் இழுத்தடித்தார்கள், பதில் வரவில்லை என்று சாட்டுச் சொன்னார்கள். அதனால்தான் இணையப் பெயர்களுக்கு விதி வகுக்கிற ஐகான் நிறுவனம் 2004 நவம்பர் 12 அன்று நடைமுறைக்கு வந்த மாற்றக் கொள்கையில், பதில் இல்லாவிட்டால் மாற்றம் நடக்கும் என்று வைத்தது. உரிமையாளரின் சுதந்திரத்துக்காக எழுதிய விதி அது. கள்ளனுக்கும் அதே கதவுதான் திறந்திருக்கிறது என்பது இரண்டே மாதத்தில் தெரிந்துபோனது.

2005 ஜனவரி 15, சனிக்கிழமை. நியூயோர்க்கின் மிகப் பழைய இணையச் சேவை நிறுவனங்களில் ஒன்றான பானிக்ஸ், தன்னுடைய பானிக்ஸ்.கொம் என்ற பெயர் தன் கையில் இல்லை என்பதைக் கண்டது. பெயர் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ன் ஐடி என்ற ரெஜிஸ்ட்ராருக்கு மாறியிருந்தது. வாடிக்கையாளர்களுக்கு வந்த கடிதங்கள் யாரோ ஒருவருடைய சேர்வருக்குப் போய்க்கொண்டிருந்தன. உரிமையாளரின் சம்மதத்தைப் பெற வேண்டிய பொறுப்பு மெல்பேர்ன் ஐடியின் கீழ் இயங்கிய ஒரு மறுவிற்பனையாளருக்கு இருந்தது. அந்தச் சம்மதம் பெறப்படவேயில்லை. வார இறுதி என்பதால் மெல்பேர்னில் கந்தோர் பூட்டு. அங்கே திங்கள் விடியும்வரை பெயரைத் திருப்ப முடியவில்லை. முழுநேரத் தொழில்நுட்ப ஆட்கள் இருக்கிற ஒரு நிறுவனம், நியூயோர்க்கில் இருந்துகொண்டு, வார இறுதி முழுக்கக் கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

இதை நான் அடிக்கடி நினைப்பதற்குக் காரணம் திருகோணமலை. இங்கே சிறிய அளவில் இணையத்தள வேலை செய்கிறேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விருந்தினர் விடுதிகள், புறாமலைக்குப் படகு ஓட்டுகிறவர்கள், ஒன்றிரண்டு கோயில்கள், பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்கள், இவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். கிழக்குக் கரையில் சுற்றுலாச் சீசன் ஏப்ரல், மே தொடங்கி செப்டம்பர்வரை. அதன்பிறகு மாரி வந்துவிடும். வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது படகுகளைக் கரையில் ஏற்றிவிடுவார்கள், விடுதிக்காரர் கட்டில் மெத்தைகளைச் சுருட்டி வைத்துவிட்டுச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார். மழையோடு மின்சாரமும் போய்ப் போய் வரும். ஐந்து நாள் ஒருவர் இமெயில் திறக்காமல் இருப்பது இங்கே பெரிய விசயமே இல்லை. ஐந்து கிழமை திறக்காதவர்களையும் எனக்குத் தெரியும். நாள் முழுக்க ஒருவர் கணினிக்கு முன்னால் இருக்கிற கந்தோரைக் கற்பனை செய்துகொண்டு எழுதிய விதி, உப்புவெளியில் ஐந்து அறை வைத்து நடத்துகிற குடும்பத்தையும் அதே ஐந்து நாளில்தான் அளக்கிறது.

உப்புவெளியில் நடந்ததைச் சொல்கிறேன். விடுதியின் பெயரையும் ஆட்களையும் சொல்லப்போவதில்லை. ஒரு மாரியில் விடுதிக்காரர் ஃபோன் எடுத்தார்.

"பிள்ளை, எங்கட வெப்சைட்டைத் திறந்தா ஏதோ சூதாட்டம் வருது. என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தேன். அது ஹேக் செய்யப்பட்ட தளம் இல்லை. பெயரே வேறொரு நாட்டு ரெஜிஸ்ட்ராரிடம் போயிருந்தது.

"அங்கிள், கிட்டடியில ட்ரான்ஸ்பர் எண்டு போட்டு ஏதும் மெயில் வந்ததோ?"

"அது நெடுக வாற கள்ள மெயில்தானே பிள்ளை. அதுகளைத் திறக்க வேண்டாமெண்டுதானே எல்லாரும் சொல்லினம்."

அவர் சொன்னதில் பிழையே இல்லை. அவருடைய இன்பொக்ஸைத் தேடியபோது நிலைமை முழுதாக விளங்கியது. டொமைன் காலாவதியாகப் போகிறது, உடனே காசு கட்டுங்கள் என்று அவருக்குச் சம்பந்தமே இல்லாத கம்பனிகளின் மெயில்கள். உங்கள் விடுதியின் பெயரைச் சீனாவில் வேறொருவர் பதிவு செய்ய வருகிறார், தடுக்க விரும்பினால் எங்களிடம் பணம் கட்டுங்கள் என்ற மெயில்கள். அவற்றுக்கு நடுவில்தான் அவருடைய உண்மையான ரெஜிஸ்ட்ரார் அனுப்பிய மாற்ற அறிவித்தல் திறக்கப்படாமல் கிடந்தது.

பொய்க் கடித வியாபாரத்துக்கும் நீண்ட வரலாறு உண்டு. டொமைன் ரெஜிஸ்ட்ரி ஒஃப் அமெரிக்கா என்ற பெயரில் வருடக்கணக்காகப் பலருக்குத் தபாலில் கடிதம் போனது. பார்ப்பதற்குப் புதுப்பித்தல் பில் மாதிரியே இருக்கும். காசு கட்டினால் நீங்கள் உண்மையில் உங்கள் பெயரை அவர்களிடம் மாற்றச் சம்மதித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். 2003 இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு அவர்கள்மீது நடவடிக்கை எடுத்தது. அதன்பிறகும் கடிதங்கள் நிற்கவில்லை. 2014 இல்தான் அவர்களுக்குப் பின்னால் இருந்த ரெஜிஸ்ட்ராரை ஐகான் இடைநிறுத்தியது.

பொய் மெயிலுக்குச் சரியான பதில் மௌனம். உண்மையான மாற்ற அறிவித்தலுக்கு மௌனமாக இருந்தால் பெயர் போகும். இரண்டும் ஒரே இன்பொக்ஸுக்கு, ஒரே அவசரத் தொனியில், அவர் பாதி மட்டும் விளங்கிக்கொள்கிற ஆங்கிலத்தில் வருகின்றன. இவற்றைப் பிரித்தறியப் பழகுங்கள் என்று ஒருவருக்குப் புத்தி சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அறுபது வயதில் மீன்கறியும் ரொட்டியும் சமைத்து விருந்தினரை உபசரிக்கிற மனிதர் ஏன் மெயில் தலைப்புகளை ஆராய்ந்துகொண்டு இருக்க வேண்டும்? அவர் மௌனமாக இருந்தாலும் அந்த மௌனம் மறுப்பாக எண்ணப்படும்படி முன்கூட்டியே ஒழுங்கு செய்து வைப்பதுதான் எங்களைப் போன்றவர்களின் வேலை.

அப்படி ஒழுங்கு செய்ய முடியும். ரெஜிஸ்ட்ரார் லொக் என்று சொல்கிற பூட்டின் வேலையே அதுதான். டொட் கொம் பெயர்கள் எல்லாவற்றுக்குமான மூலப் பதிவேட்டை வெரிசைன் நிறுவனம் நடத்துகிறது. உங்கள் ரெஜிஸ்ட்ரார் அந்தப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே "கிளையன்ட் ட்ரான்ஸ்பர் புரொஹிபிட்டட்" என்ற குறிப்பைப் போட்டுவிட்டால், மாற்றக் கோரிக்கை பதிவேட்டு வாசலிலேயே நிராகரிக்கப்படும். உங்களுக்கு மெயில் வராது, ஐந்து நாள் எண்ணவும் மாட்டார்கள். நீங்கள் மாரி முழுக்க மட்டக்களப்பில் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. மேலதிகக் கட்டணம் வாங்காமலேயே பெரும்பாலான ரெஜிஸ்ட்ரார்கள் இதைத் தருகிறார்கள்; பலரிடம் பெயர் வாங்கும்போதே பூட்டுப் போட்டுத்தான் வரும்.

பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பதும் சுலபம். ஐகானின் லுக்அப்.ஐகான்.ஓர்க் என்ற பக்கத்தில் உங்கள் பெயரைப் போட்டால் ஸ்டேட்டஸ் என்று ஒரு பகுதி வரும். அங்கே பலர் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. எந்தப் பூட்டும் இல்லாத பெயருக்கு அங்கே "ஓகே" என்று காட்டும். ஓகே என்று கண்டதும் எல்லாம் சரி என்று மூடிவிட்டுப் போகிறார்கள். அந்த ஓகேக்கு அர்த்தம், இந்தப் பெயரை யாரும் எங்கும் நகர்த்தத் தடை எதுவும் இல்லை என்பதுதான். புரொஹிபிட்டட் என்று முடிகிற வரிகளைக் கண்டு பயந்து எனக்கு ஃபோன் செய்தவர்களும் உண்டு. அந்த வரிகள் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். "பென்டிங் ட்ரான்ஸ்பர்" என்று இருந்தால் மட்டும் சாப்பாட்டை வைத்துவிட்டு எழும்புங்கள். ஐந்து நாள் கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது.

விடுதிக்காரரின் பெயருக்குப் பூட்டு இல்லாமல் போனது எப்படி? அவருடைய தளத்தை முதன்முதலில் செய்துகொடுத்த பெடியன், சில வருடங்களுக்கு முன் அதை மலிவான இடத்துக்கு மாற்ற யோசித்துப் பூட்டைத் திறந்திருக்கிறார். மாற்றுவதற்கான இரகசியக் குறியீட்டையும் ரெஜிஸ்ட்ராரிடமிருந்து எடுத்திருக்கிறார். பிறகு அவர் வெளிநாடு போய்விட்டார், மாற்றம் நடக்கவில்லை, பூட்டுத் திறந்தபடியே கிடந்தது. ஓத் கோட் என்றும் ஈபிபி கோட் என்றும் சொல்கிற அந்தக் குறியீடு வந்த மெயிலும் விடுதிக்காரரின் யாஹூ பெட்டியில் அப்படியே கிடந்தது. பெட்டியின் பாஸ்வேர்டோ, இணையத்தில் எங்கெங்கோ பாவித்த அதே பாஸ்வேர்ட். யாரோ பெட்டிக்குள் புகுந்தார்கள், குறியீட்டை எடுத்தார்கள், மாற்றக் கோரிக்கை போட்டார்கள், ஐந்து நாள் பேசாமல் காத்திருந்தார்கள். எந்தப் பூட்டையும் உடைக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை.

குறியீட்டின் கனம் 2018 க்குப் பிறகு இன்னும் கூடிவிட்டது. அதற்கு முன்னர் பெயரை வாங்கிக்கொள்கிற புதிய ரெஜிஸ்ட்ராரும் உரிமையாளருக்கு மெயில் போட்டுச் சம்மதம் கேட்க வேண்டும். 2018 மே மாதம் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, உரிமையாளரின் விபரங்கள் பொதுவெளியில் மறைக்கப்பட்டன. முகவரி தெரியாதபோது புதியவர் யாரிடம் கேட்பார்? அந்தப் படி கைவிடப்பட்டது. தனிமனித விபரங்களை மறைத்தது சரியான காரியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இரண்டு பேர் கேட்ட இடத்தில் இப்போது ஒருவர் மட்டுமே கேட்கிறார். கொள்கையை மறுபரிசீலனை செய்த ஐகான் பணிக்குழு, எடுத்த குறியீடு 14 நாளில் செத்துவிட வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. அப்படி ஒரு விதி முன்பே இருந்திருந்தால் வருடக்கணக்காகப் பெட்டிக்குள் கிடந்த அந்தக் குறியீட்டால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அதுவரை, எடுத்துப் பாவிக்காமல் விட்ட குறியீட்டை ரெஜிஸ்ட்ராரின் பக்கத்தில் புதிதாக்கிவிடுங்கள். பழையது பயனற்றதாகிவிடும்.

இமெயில் பெட்டி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் களவு நடக்கிற வழி பெரும்பாலும் அதுதான். போர் முடிந்து உல்லாசப் பயணிகள் திரும்பி வரத் தொடங்கிய காலத்தில் விடுதி திறந்தவர்கள் பலரிடம் யாஹூ, ஹொட்மெயில் முகவரிகள்தான் இருந்தன. ரெஜிஸ்ட்ரார் கணக்கும் அதில்தான் திறந்தார்கள். பிறகு எல்லோரும் ஜிமெயிலுக்கும் வட்ஸ்அப்புக்கும் போய்விட்டார்கள், பழைய பெட்டி மறந்துபோனது. 2013 இல் யாஹூ, பாவிக்காத பழைய முகவரிகளைப் புதிய ஆட்களுக்குக் கொடுக்கத் தொடங்கியது. கூகுள் இப்போது இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்குகளை அழிக்கிறது. உங்கள் டொமைனுக்குப் பொறுப்பான முகவரி இப்படி இன்னொருவர் கைக்குப் போனால், ரெஜிஸ்ட்ராரின் தளத்தில் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டேன்" என்பதை அழுத்தினாலே போதும். உள்ளே போய்ப் பூட்டைத் திறந்து, குறியீட்டை எடுத்து, வருகிற சம்மத மெயிலுக்கும் தானே ஆம் சொல்லிவிடலாம். ஐந்து நாள்கூடக் காத்திருக்கத் தேவையில்லை.

இன்னொரு பக்கம், சிலர் தொழில்முறையாக இருக்க வேண்டும் என்று விடுதியின் பெயரிலேயே உள்ள முகவரியை ரெஜிஸ்ட்ராருக்குக் கொடுக்கிறார்கள். பெயர் களவு போனால் அந்த முகவரிக்கு வரும் மெயிலும் கள்ளனுக்கே போகும். நான் தான் உரிமையாளர் என்று நிரூபிக்கும் வழியையே அது அடைத்துவிடும். ரெஜிஸ்ட்ராருக்குக் கொடுக்கும் முகவரி அந்த டொமைனைச் சாராததாக, தினமும் பார்ப்பதாக, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்கு மேலே இன்னொரு குறியீட்டையும் கேட்பது) உள்ளதாக இருக்க வேண்டும். ரெஜிஸ்ட்ரார் கணக்குக்கும் அதே சரிபார்ப்பு வேண்டும். முடிந்தால் எஸ்எம்எஸ்ஸை விட்டுவிட்டு ஃபோனில் குறியீடு காட்டும் செயலியைப் பாவியுங்கள். இங்கே சிம்மை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறையப் பேர், பாவிக்காத இலக்கத்தைக் கம்பனி வேறொருவருக்குக் கொடுத்துவிடும்.

பெரியவர்களுக்கும் இதெல்லாம் நடக்கிறது. பேர்ல் என்ற நிரல்மொழிக்காரர்களின் பேர்ல்.கொம் 2021 ஜனவரி கடைசியில் களவு போனது தெரியவந்தது. அதைப் பராமரித்தவர்கள் பிறகு எழுதியதன்படி, ரெஜிஸ்ட்ராரிடம் ஆளை ஏமாற்றிக் கணக்கைப் பிடித்தது 2020 செப்டம்பரில். டிசம்பரில் பெயர் ஒரு சீன ரெஜிஸ்ட்ராருக்குப் போனது. அப்போதும் சேர்வர் விபரங்களை மாற்றாமல் விட்டதால் தளம் வழமைபோல ஓடியது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜனவரியில் இன்னொரு ரெஜிஸ்ட்ராருக்கு மாறிய பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. உரிமையாளர் விபரம் மாறினால் 60 நாள் பெயரை நகர்த்தக் கூடாது என்ற கட்டுப்பாடு 2016 டிசம்பரிலிருந்து இருக்கிறது. மாற்றம் ஒன்று நடந்த பிறகும் அதே அளவு காலம் தடுத்து வைக்கும் வழக்கம் உண்டு. பொறுமையான கள்ளன் அந்த 60 நாளையும் பொறுத்திருப்பான் என்பதற்குப் பேர்ல்.கொம் சாட்சி. தளம் ஓடுகிறது என்பதால் பெயர் உங்களிடம்தான் இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. மாதத்துக்கு ஒருமுறை லுக்அப் பக்கத்தில் ரெஜிஸ்ட்ராரின் பெயர் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

இதுவரை சொன்ன எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி இருக்கிறது: பெயர் யாருடைய பெயரில் இருக்கிறது? காணி வாங்கிவிட்டு உறுதியை மேசன் பெயரில் எழுதுகிற ஒருவரை இந்த மாவட்டத்தில் காட்ட முடியாது. கள்ள உறுதியால் எத்தனை குடும்பங்கள் நீதிமன்றத்துக்கு அலைந்தன என்பது இடம்பெயர்ந்து திரும்பிய எல்லோருக்கும் தெரியும். ஆனால் டொமைன் என்று வரும்போது, தளம் செய்துதந்தவரின் கணக்கில், அவருடைய இமெயிலில், சில நேரம் உரிமையாளர் என்ற இடத்தில் அவருடைய பெயரையே போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பெடியன்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. பலர் வாடிக்கையாளரிடம் கடன் அட்டை இல்லாததால் உதவியாகச் செய்தது. 2022 இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் மருமக்களிடம் சொல்லிப் புதுப்பித்தவர்களும் உண்டு. அப்படிப் புதுப்பித்துத் தந்த மருமகன் ஒருவர் டொமைனைத் தன் கணக்குக்கே மாற்றிக்கொண்டார், வசதிக்காக. இப்போது அங்கே அவருக்கு விவாகரத்து, ஃபோன் எடுப்பதில்லை. இதில் களவு என்று எதைச் சொல்வது? விதிகளின் பார்வையில் கணக்கு வைத்திருப்பவர் ஒப்புக்கொண்டு நடந்த மாற்றம் அனுமதியுள்ள மாற்றம். நீங்கள்தான் இத்தனை வருடம் காசு கொடுத்தீர்கள் என்பதை அந்தப் பதிவேடு அறியாது.

களவு போன பிறகு என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறேன். தெரிந்துகொண்டால் முன்னெச்சரிக்கையின் பெறுமதி விளங்கும். உடனே உங்கள் பழைய ரெஜிஸ்ட்ராருக்கு எழுத வேண்டும்: பழைய பில்கள், பதிவு உறுதிப்படுத்திய மெயில், பணம் கட்டிய சான்று, வியாபாரப் பதிவுப் பத்திரம் எல்லாவற்றோடும். பானிக்ஸ் சம்பவத்துக்குப் பிறகு நடந்த ஆய்வுகளின் பயனாக, ஒவ்வொரு ரெஜிஸ்ட்ராரும் மாற்ற அவசரங்களுக்கென்று ஒரு தொடர்பை வைத்திருக்க வேண்டும் என்றும், அது 4 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும் என்றும் விதி வந்தது. நல்ல விதி. ஆனால் அந்தத் தொடர்பு ரெஜிஸ்ட்ரார்களுக்கு இடையிலானது, உங்களுக்கும் எனக்கும் அந்த இலக்கம் கிடைக்காது. மாற்றத் தகராறுக்கான முறையான வழக்கையும் ரெஜிஸ்ட்ரார்தான் போட முடியும், அதுவும் மாற்றம் நடந்து 12 மாதத்துக்குள். பெயர் உங்களுடையது, இழப்பு உங்களுடையது, வழக்கில் நீங்கள் கட்சிக்காரர் இல்லை. உங்களுக்காக எழும்பி நிற்க மனமுள்ள ரெஜிஸ்ட்ராரா என்பதைப் பெயர் வாங்கும்போதே யோசிக்க வேண்டியிருக்கிறது. வருடத்துக்கு ஒரு டொலர் குறைவு என்று தேடிப் போகிற இடத்தில் அவசரத்துக்கு ஃபோனில் கதைக்க ஒரு மனிதர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

நீங்களே நேரடியாகப் போகக்கூடிய வழி, வர்த்தக நாமப் பிணக்குகளுக்காக 1999 இல் வந்த யூடிஆர்பி என்ற நடுவர் முறை. உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தில் ஒரு நடுவரோடு அதற்குக் கட்டணம் 1,500 டொலர், எங்கள் காசில் நாலு இலட்சத்துக்கு மேல். உப்புவெளி விடுதி ஒன்றுக்கு அது ஒரு சீசன் வருமானத்தில் பெரிய பங்கு. இங்கே 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. பொலிஸில் முறைப்பாடு கட்டாயம் போடுங்கள், அதன் பிரதி ரெஜிஸ்ட்ராரிடம் காட்ட உதவும். ஆனால் கள்ளன் இருப்பது வேறு நாட்டில்.

நீதிமன்றம் எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்குப் பழைய உதாரணம் செக்ஸ்.கொம். 1994 இல் கேரி கிரெமன் பதிவு செய்த பெயர் அது. 1995 இல் ஸ்டீபன் கோகன் ஒரு போலிக் கடிதத்தை நெட்வேர்க் சொலூஷன்ஸுக்குக் கொடுத்துப் பெயரைத் தன் கைக்கு எடுத்தார். கிரெமனின் கம்பனி கோகனுக்கு எழுதியதுபோல இருந்த அந்தக் கடிதத்தில், எங்களுக்கு நேரடி இணைய இணைப்பு இல்லை, அதனால் பெயரை நீக்கும்படி எங்கள் சார்பில் நீங்களே அறிவியுங்கள் என்று இருந்தது. இணையப் பெயர் வைத்திருக்கிற கம்பனிக்கு இணையம் இல்லையாம், அதைப் படித்துவிட்டும் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 2000 இல் பெயர் திரும்பியது, 2001 இல் 65 மில்லியன் டொலர் நட்டஈடு தீர்ப்பானது, கோகன் நாட்டை விட்டுப் போய்விட்டார். 2003 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் டொமைனும் சொத்துதான், அதைத் தவறாகக் கையளித்த ரெஜிஸ்ட்ராரும் பதில் சொல்ல வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. இன்றைக்கு எங்களுக்கு இருக்கிற கொஞ்சப் பாதுகாப்பும் அந்த மனிதரின் பிடிவாதத்தால் வந்தது.

விடுதிக்காரரின் பெயர் கடைசியில் திரும்பி வந்தது. பழைய ரெஜிஸ்ட்ராரில் இருந்த ஒரு பெண் ஊழியர் மனம் வைத்தார், இரண்டு கம்பனிகளும் தங்களுக்குள் கதைத்து முடித்தன. ஆனால் அதற்கிடையில் அடுத்த சீசனுக்கான முன்பதிவு மெயில்கள் வருகிற காலம் போய்விட்டது. எத்தனை பேர் எழுதினார்கள் என்பது அவருக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

டொட் எல்கே பெயர் வைத்திருப்பவர்கள் கேட்பார்கள், எங்களுக்கும் இது பொருந்துமா என்று. மேலே சொன்ன ஐகான் மாற்றக் கொள்கை டொட் கொம், டொட் நெட், டொட் ஓர்க் போன்ற பொதுப் பெயர்களுக்கு உரியது. எல்கே பெயர்களையும் 2010 இல் வந்த டொட் இலங்கை பெயர்களையும் எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி தன் விதிகளின்படி நடத்துகிறது. ஐந்து நாள் மௌனம் அங்கே பிரச்சினை இல்லை. ஆனால் 2021 பெப்ரவரி 6 அன்று கூகுள்.எல்கே உட்படச் சில பெயர்கள் வேறு பக்கத்துக்குத் திருப்பப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். மலையகத் தொழிலாளரின் நிலைமை உட்பட நாட்டின் பிரச்சினைகளைப் பேசிய பக்கம் அது. பெயரை மாற்றாமலே அது போகும் இடத்தை மாற்றலாம் என்பதை நாடே பார்த்தது. ஆகவே இமெயில் முகவரி, பாஸ்வேர்ட், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு ஆகியவை எல்கே பெயருக்கும் அப்படியே பொருந்தும்.

பெரிய நிறுவனங்களுக்கு ரெஜிஸ்ட்ரி லொக் என்ற இன்னொரு பூட்டு உண்டு. "சேர்வர் ட்ரான்ஸ்பர் புரொஹிபிட்டட்" என்று காட்டும். அதைப் பதிவேட்டு நிறுவனமே போடுகிறது. திறப்பதற்கு முன்கூட்டியே பதிவு செய்த ஆட்களிடம் நேரடியாகச் சரிபார்ப்பார்கள், ரெஜிஸ்ட்ரார் கணக்கு மட்டும் கையில் இருந்தால் போதாது. வங்கி, செய்தித்தளம், துறைமுகத்தோடு வியாபாரம் செய்கிற கப்பல் முகவர் போன்றவர்கள் அந்தச் செலவைச் செய்யத்தான் வேண்டும். விடுதிகளுக்கு அது தேவைப்படாது.

எனக்கு இப்போது அதிகம் கவலை தருவது சங்கங்களும் கோயில்களும். விடுதிக்கு ஒரு முதலாளி இருக்கிறார், பெயர் போனால் அன்றைக்கே பதறுவார். சங்கத்துக்கு நிர்வாகம் மாறும். பழைய செயலாளர் கொழும்புக்கு மாற்றலாகிப் போவார், இமெயிலும் அவரோடு போகும். புதியவர்களுக்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதே தெரியாது. கோயில் தளத்தைத் திறந்தால் சூதாட்டப் பக்கம் வருவதை ஒரு பக்தர் வெளிநாட்டிலிருந்து பார்த்துச் சொல்கிற நாள்வரை யாருக்கும் தெரியாது. அதனால் ஒரு பழைய மாணவர் சங்கத்தின் செயலாளரோடு இருந்து, ரெஜிஸ்ட்ரார் எது, கணக்கு எந்த முகவரியில், செயலி யாருடைய ஃபோனில், பூட்டுப் போட்டிருக்கிறதா, புதுப்பிக்கும் திகதி என்ன என்று எழுதி, பாஸ்வேர்டை மட்டும் தனி உறையில் ஒட்டி, கூட்டறிக்கைப் புத்தகத்தோடு வைத்திருக்கிறோம். அடுத்த பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையை வாசிக்கும்போது இதையும் சேர்த்து வாசிப்பதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். உறையைப் பொருளாளர் வைத்திருப்பார்.